எம்-பெசாவா, யூபிஐயா: கட்டணம் யார் தலையில்?

ரொக்கத்திலேயே ஊறிய மக்களை மின்னணுப் பணத்துக்கு இழுத்த நாடுகள் என்றால் கென்யாவையும் இந்தியாவையும்தான் முதலில் சொல்கிறார்கள். இரண்டும் போன வழிகள் ஏறக்குறைய எதிரெதிர்.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையைத் தொடங்கியபோது கென்யர்களில் பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு இல்லை. நைரோபியில் வேலை பார்ப்பவர், ஊருக்குப் போகும் பஸ் ஓட்டுநரிடம் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தனுப்பிய காலம் அது. எம்-பெசா அந்த ஒரு தேவையைப் பிடித்துக்கொண்டது. தெருமுனைக் கடைக்காரரே முகவர். அடையாள அட்டையைக் காட்டி ஷில்லிங்கை நீட்டினால், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார்; சற்று நேரத்தில் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். ஊரில் இருக்கும் அம்மா அங்குள்ள முகவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். பணம் போடக் கட்டணம் இல்லை. அனுப்பவும் எடுக்கவும் உண்டு. அதிலிருந்துதான் முகவரின் கமிஷன். குக்கிராமத்திலும் அவர் கடை திறந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

இந்தியாவில் யூபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதற்குள் ஜன்தன் திட்டத்தில் கோடிக்கணக்கானோருக்குக் கணக்கு திறந்தாகிவிட்டது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும், எந்தச் செயலியிலும் பணம் போக வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததே வெற்றிக்குக் காரணம் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். புது நோட்டுகள் புழக்கத்துக்கு வந்த பின்னும் டீக்கடைக்காரர் க்யூஆர் அட்டையைக் கழற்றவில்லையே! 12 ரூபாய் டீக்கு 12 ரூபாயும் அவர் கணக்கில் விழுகிறது. 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமே கிடையாது. இரு கையிலும் தம்ளர்களோடு நிற்பவர் போனைப் பார்க்கவும் வேண்டாம், ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லிவிடும். சில்லறைத் தகராறும் ஒழிந்தது.

ஆனால் இலவசத்துக்கும் செலவு உண்டு. இங்கே அதை வங்கிகளும் செயலி நிறுவனங்களும் சுமக்க, அரசு ஊக்கத்தொகையாக ஒரு பங்கைத் தருகிறது. அந்தத் தொகை ஆண்டுக்காண்டு பட்ஜெட்டை எதிர்பார்த்து நிற்கிறது. எம்-பெசாவுக்கு அந்தக் கவலை இல்லை. பதிலுக்கு, நாட்டின் பணப்போக்குவரத்தே ஒரு நிறுவனத்தின் கைக்குள் போய்விட்டது. கட்டணத்தில் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு உகாண்டா இருக்கிறது. 2018 ஜூலையில் மொபைல் பணத்துக்கு 1% வரி போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது; நவம்பரிலேயே பணம் எடுப்பதற்கு மட்டும் 0.5% என்று இறங்கிவந்தார்கள்.

கடைவீதிக்கு யூபிஐதான் என் தேர்வு. கணக்கே இல்லாத ஊருக்கு அது உதவாது. பட்டன் போனுக்கான யூபிஐ 123பே 2022 மார்ச்சில்தான் வந்தது, கென்யாவுக்கு 15 ஆண்டுகள் பின்னால். நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறிய பாட்டி இன்றும் செயலியைத் தேடுவதில்லை. கைரேகைக் கருவியோடு உட்கார்ந்திருக்கும் வங்கி முகவரிடம் விரலை வைத்து ரொக்கமாக வாங்கிப் போகிறார். நைரோபிக் கடைக்காரர் செய்யும் அதே வேலை.