பழைய பென்ஸின் தீராத கோளாறுகள்: உள்ளூர் கராஜா, கொழும்பா?

2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், சி 180 கொம்பிரஷர் போன்ற பழைய பென்ஸ் கார்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டுபவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். எஞ்சின் விளக்கு அணைந்து அணைந்து எரியும்போது, பக்கத்துக் கராஜுக்குப் போவதா, கொழும்பில் பென்ஸ் மட்டுமே பார்க்கும் இடத்துக்குப் போவதா, கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய பாகம் வாங்கி மாற்றிப் பார்ப்பதா என்பதே அவர்களின் கேள்வி.

கருவியை மட்டும் பார்த்தால் கொழும்பே மேல். காரில் பதிந்த கோளாறுக் குறியீடுகளை வாசிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர், எஞ்சின் குறியீடுகளோடு நின்றுவிடும். பென்ஸுக்கென்றே உள்ள ஸ்டார் ஸ்கேனரோ பிரேக், கியர், பொடி மின்சுற்று எல்லாவற்றையும் வாசிக்கும். ஆனால் வந்து வந்து போகும் கோளாறு, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கொழும்பைச் சேரும் நாளில் தலைகாட்டாமல் இருந்துவிடலாம். சூடேறியதும் எஞ்சின் நின்று, ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல ஸ்டார்ட் ஆகுமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங் சென்சரை. அதற்குரிய பி0335 குறியீடு பதியாமலும் போகலாம். கார் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே நல்ல சான்று. அந்த வேளையில் வந்து சேரக்கூடியவர் பக்கத்துக் கராஜ் பாஸ்தான்.

சி 180 கொம்பிரஷரின் எம் 271 எஞ்சினில் இன்னொன்றையும் அவரே பார்த்துவிடலாம். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நேரத்தைச் சரிசெய்யும் முன்பக்கத்துக் கேம் மெக்னெட்டின் பிளக்கைக் கழற்றி உட்புறத்தை டிஷ்யூவால் ஒற்றும்போது ஒயில் ஒட்டினால், அது வயரின் உறைக்குள்ளாலேயே ஊர்ந்து ஒட்சிசன் சென்சர் வரையும், முற்றினால் எஞ்சினின் கணினியான ஈசியூவின் பிளக் வரையும் போயிருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் சென்சர் மேல் சென்சராக மாற்றுவது வெறும் வீண்செலவு. மாரி காலத்தில் மட்டும் வைப்பரும் விளக்கும் தம்பாட்டுக்கு வேலைசெய்தால், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால் துளைகளை இலைகள் அடைத்து, தேங்கிய நீர், விளக்கு வைப்பர் போன்றவற்றை இயக்கும் மின்பெட்டியான சாம் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன், பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் இருக்கிறதா என்று அளக்காத பாஸிடம் காரைக் கொடுக்காதிருப்பதே என் கட்சி.

கிராங் தண்டையும் கேம் தண்டையும் இணைத்துச் சுழற்றும் டைமிங் சங்கிலி விஷயம் வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்ற சத்தமும், அவ்விரு தண்டுகளும் பொருந்தவில்லை என்னும் பி0016 குறியீடும் சேர்ந்து வந்தால், சங்கிலி நீண்டிருக்கலாம், அல்லது கேம் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். சங்கிலி ஒரு பல் தாண்டினாலே டைமிங் பிசகும். மேலும் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கேம் பூட்டும் கருவி இல்லாத கராஜ் இதில் கை வைக்கவே கூடாது. காரை ஓட்டாமல் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவதற்கான செலவு, எஞ்சினைப் பிரிக்கும் செலவோடு பார்த்தால் சிறிதுதான்.

பஞ்சிகாவத்தைப் பாகங்களில் கண்ணாடி மோட்டார், கதவுப் பூட்டு போன்றவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பழைய சென்சர் வேண்டாம். பழைய ஈசியூவோ, முந்திய காரின் சாவிச் சுற்றோடு பூட்டப்பட்டிருப்பதால், அப்படியே மாட்டினால் உங்கள் எஞ்சினை ஸ்டார்ட் ஆகவே விடாது.