போலீஸ் வாகனம் மோதினால் எந்தப் பிரிவில் இழப்பீடு கேட்பது?

சைரனுடன் வந்த காவல்துறை ரோந்து வாகனம் அண்ணா சாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டி மோதியதில், பைக்கில் வந்த 30 வயதுக்காரர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "அரசாங்கத்தை எதிர்த்து என்ன செய்ய முடியும்?" என்று சொந்தக்காரர்களே அந்தக் குடும்பத்தைச் சோர வைப்பார்கள். அதைக் கேட்டு ஒதுங்கிவிடக் கூடாது.

அவசர வாகனங்கள் சிக்னலைத் தாண்டலாம், வேக வரம்பையும் மீறலாம் என்று 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் உரிய கவனத்தோடு ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ராஜஸ்தானில் கலெக்டரின் ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு மாநில அரசே பொறுப்பு என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு வாகனங்களுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்குவதிலிருந்து சட்டம் விலக்கு தருவதால், காப்பீட்டு நிறுவனம் இல்லாத வழக்குகளில் உரிமையாளரான அரசிடமே பணம் கேட்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 164-ஆம் பிரிவில் யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். 166-ஆம் பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. இறந்தவர் மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த சுயதொழிலாளி, அவரை நம்பி நான்கு பேர் இருந்தார்கள் என்றால் கணக்கு இப்படி வரும்: எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி 28,000, அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 21,000, ஆண்டுக்கு 2,52,000. இந்த ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது. அவர் வயதுக்குரிய பெருக்கல் எண் 17. மொத்தம் 42,84,000 ரூபாய். இழப்பீட்டின் மற்ற வகைகள் தனி. ஐந்து லட்சத்தை ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழான மனு காலாவதியாகிவிடக்கூடும். அவசரத்தில் கையெழுத்துப் போடும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

என் தேர்வு 166தான். பைக்கில் வந்தவரே பெருமளவு தவறு செய்தார் என்பதற்கு வலுவான சாட்சி இருந்தால் மட்டும் 164 நல்லது. 166-இல் அவர் பங்குத் தவறுக்கு ஏற்பத் தொகை குறையும். சைரன் கேட்டும் ஒதுங்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால், ஆதாரத்தைக் காப்பதுதான் முதல் வேலை. அருகிலுள்ள கடைகளின் கேமரா பதிவு சில நாட்களிலேயே அழிந்துபோகலாம். அந்த வாகனம் எந்த அழைப்புக்காகப் புறப்பட்டது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டு அறைக் குறிப்பையும், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் மூலம் கேட்டுப் பெற வேண்டும். விசாரிப்பதும் காவல்துறையே என்பதால் குடும்பமே இவற்றைத் தேடியாக வேண்டும்.

குற்ற வழக்கு இதற்கு மாற்று ஆகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கோ எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே போதும். ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்கலாம். அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்காமல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.