காரைக்குடியில் ஓர் ஆடியோ கடை: ஓம், வாட், டெசிபல்

வாடிக்கையாளர் எவ்வளவு செலவழிப்பார் என்று கேட்பதற்கு முன்பே, வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் (கரண்டுக்கு அது தரும் தடையின் அளவு) என்று கேட்கிற கடை அரிது. நான் அண்மையில் ஆம்பிளிஃபயர் வாங்கிய காரைக்குடிக் கடை அத்தகையது. என்னிடம் இருந்தவை 4 ஓம் ஸ்பீக்கர்கள். நான் முதலில் விரும்பிய ஆம்பிளிஃபயரோ 8 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கருக்கென்று செய்யப்பட்டது. அதே வோல்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கர் இரு மடங்கு கரண்டை இழுக்கும் என்பதால், ஒலியைக் கூட்டும்போது கருவி சூடேறி நின்றுவிடும் என்று விளக்கிய கடைக்காரர், 4 ஓமைத் தாங்கக்கூடிய, விலையும் குறைந்த வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

பி.எம்.பி.ஓ. என்று, கண நேர உச்சத்தை மிகைப்படுத்தி ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் வாட் கணக்கை இவர்கள் விலைச்சீட்டில் எழுதுவதே இல்லை, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்டும், குறிப்பிட்ட சிறு மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்கிற சென்சிடிவிட்டியும் மட்டுமே இருக்கின்றன. இது மிகச் சரியான வழக்கம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான் என்பதால், 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும் ஒலியை 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும். ஆனால் அந்த சென்சிடிவிட்டி அளவு 1 வாட்டில் எடுக்கப்பட்டதா, 2.83 வோல்ட்டில் எடுக்கப்பட்டதா என்பதையும் சீட்டில் குறிக்க வேண்டும். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண் 3 டெசிபல் கூடுதலாகத் தோன்றும். இந்த வேறுபாட்டைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அப்பச்சி சேர்த்து வைத்திருக்கும் இசைத்தட்டுகளுக்காக ஃபோனோ இன்புட் (இசைத்தட்டுக் கருவியை இணைக்கும் வாய்) உள்ள மாடலையே கேட்டு வாங்கினேன். இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியைத் தாங்கிய கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலை, மற்றக் கருவிகளுக்கான சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்தால் ஒலி மெலிந்து, பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லாமல்தான் கேட்கும்.

பொருத்த வந்தவர் வேலை தெரிந்தவர். பட்டாலை என்கிற எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளத்தைப் பார்த்துவிட்டு, மெல்லிய ஒயரை ஒதுக்கி 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தார். பத்து மீட்டர் தொலைவுக்குப் போக வர அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 0.14 ஓம், அரை சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் 0.7 ஓம் அளவுக்குப் போயிருக்கும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது மிக அதிகம்.

குறை என்றால் அறையைப் பற்றியதுதான். கடையில் ஒலியைக் கேட்க வைக்கும் இடம் சிறியது, கம்பளம் விரித்தது. நம் வீடுகளிலோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பிப் பாடகரின் சொற்களைக் குழப்புகின்றன. ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்திய பிறகே எங்கள் வீட்டில் பேஸின் முழக்கம் அடங்கியது, எதிரில் ஜமுக்காளம் விரித்த பிறகே சொற்கள் தெளிந்தன. இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யும் வசதி உண்டா என்று கேட்டேன். டெமோ பீஸ் வெளியே போகாது என்று சொல்லிவிட்டார்கள்.