ஜெல் ஓவர்லேயில் விரிசல்: ரப்பர் பேஸ், பில்டர் ஜெல், ஹார்ட் ஜெல் ஆகியவற்றில் எது பொருந்தும்?

நகத்தின் மேல் போட்ட ஜெல் ஓவர்லே, அதாவது விளக்கொளியில் கெட்டிப்படும் ஜெல் பூச்சு, பத்தாம் நாளே விரிசல் விட்டால், அடுத்த முறை இன்னும் கெட்டியான ஜெல்லைப் போடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். நக அலங்காரத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படியே செய்தேன். மெல்லிய, எளிதில் வளையும் நகங்களின் மேல் ஹார்ட் ஜெல்லைப் போட்டபோது விரிசல் முன்னைவிடச் சீக்கிரமாகவே வந்தது. அடியிலுள்ள நகம் வளையும்போது மேலுள்ள பூச்சு வளைய மறுத்தால், இரண்டும் பிரிய வேண்டும் அல்லது பூச்சு பிளக்க வேண்டும். ஆகவே, இந்த மூன்றையும் ஒப்பிடும்போது அவற்றின் உறுதியோடு, அவை எந்த நகத்தோடு ஒத்துப்போகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருளை மாற்றுவதற்கு முன், விரிசல் எங்கே விழுந்திருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். நகம் சதையை விட்டு நீளத் தொடங்கும் இடத்தில் குறுக்காக விழுந்திருந்தால், அங்கே போதிய கனம் இல்லை என்று பொருள். பக்கவாட்டில் தொடங்கியிருந்தால், ஓரங்கள் மெலிந்திருக்கின்றன அல்லது அளவுக்கு மீறி அராவப்பட்டிருக்கின்றன. மேற்பரப்பில் மட்டும் தலைமுடி போன்ற கோடுகள் தெரிந்தால், குற்றம் பெரும்பாலும் கடைசியாகப் பூசும் டாப் கோட்டினுடையது. ஒரே விரலில் மட்டும் திரும்பத் திரும்ப விரிசல் வந்தால், அந்த விரலால் டப்பா மூடியை நெம்புகிறீர்களா என்று வாடிக்கையாளரிடம் நான் தவறாமல் கேட்பேன்.

ரப்பர் பேஸ் என்பது முதலில் பூசும் சாதாரண பேஸ் கோட்டைவிடக் கெட்டியாகவும், விளக்கில் இறுகிய பின்னும் வளையும் தன்மையோடும் இருக்கும் ஜெல். குட்டையான, மெல்லிய, காகிதம்போல் மடங்கும் நகங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் அனுபவம். ஆனால் நீளமான நகத்தைத் தாங்கும் வலு இதற்குக் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு: மேலே தங்கும் பிசுபிசுப்பைத் துடைக்கத் தேவையில்லாத பளபளப்பான டாப் கோட்டுகளில் சில, விளக்கில் வைத்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடும். அவற்றை ரப்பர் பேஸின் மேல் பூசினால், கீழ் அடுக்கு வளையும்போதெல்லாம் மேல் அடுக்கில் மெல்லிய கோடுகள் விழும். பேஸைக் குறை சொல்வதற்கு முன், வளையும் வகை டாப் கோட்டுக்கு மாறிப் பார்க்க வேண்டும்.

பில்டர் ஜெல், ரப்பர் பேஸுக்கும் ஹார்ட் ஜெல்லுக்கும் நடுவில் நிற்கிறது. நகத்துக்கு வடிவமும் வலுவும் கொடுக்க இதைக் கனமாகக் கட்ட முடியும். அதே சமயம், குப்பியில் வரும் பல வகைகளை அசிட்டோனில் ஊறவைத்தும் அகற்றலாம். நடுத்தர நீளமுள்ள சராசரி நகங்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆனால் இதன் பலன் பொருளில் பாதி என்றால் கட்டுமானத்தில் பாதி. நகத்தின் மேல் அழுத்தம் அதிகம் விழும் பகுதியில் அபெக்ஸ் எனப்படும் மேடு உயர்ந்து, தோலோரத்தை நோக்கியும் நுனியை நோக்கியும் சீராகச் சரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது நகம் தட்டையாகத் தெரிந்தால், எவ்வளவு நல்ல ஜெல்லாக இருந்தாலும் அங்கே முறியும். கனத்தை ஒரே பூச்சில் கொண்டுவர முயல்வதும் தவறு. ஜெல் கெட்டிப்படும்போது சற்றுச் சுருங்குகிறது. தடித்த அடுக்கு ஒரே தடவையில் கெட்டிப்பட்டால் உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும், விரலில் சூடும் ஏறும். மெல்லிய அடுக்கை முதலில் பூசி விளக்கில் வைத்து, அதன் மேல் மேட்டைக் கட்டுவதே சரியான முறை.

நான்காவது வாரத்தில் வரும் விரிசலைப் பொருளின் குறையாக எண்ண வேண்டியதில்லை. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அந்த வளர்ச்சியோடு மேடும் நுனியை நோக்கி நகர்ந்துவிடுவதால், தாங்க வேண்டிய இடம் மெலிந்து, நகமும் நீண்டிருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இன்ஃபில் செய்து, அதாவது புதிதாக வளர்ந்த பகுதியை ஜெல்லால் நிரப்பி, மேட்டைப் பழைய இடத்தில் மீண்டும் கட்டினால் இந்த வகை விரிசல் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஹார்ட் ஜெல் மூன்றிலும் உறுதியானது. இயல்பாகவே தடித்த, வளையாத நகங்களுக்கும், நீளமாக வளர்க்க விரும்புவோருக்கும் இது பொருந்தும். அசிட்டோனில் கரையாது, அராவித்தான் எடுக்க வேண்டும். அனுபவமில்லாத கையில் அந்த அராவல் நகத்தட்டையே மெலியச் செய்துவிடும். மெலிந்த நகம் மேலும் வளையும், அடுத்த ஓவர்லே மேலும் சீக்கிரம் பிளக்கும். இந்தச் சுழலில் சிக்கியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. அவர்களுக்குத் தேவை நகத்தைக் குட்டையாக வெட்டிச் சில மாதங்கள் பொறுத்திருப்பது மட்டுமே.

மூன்றுக்கும் பொதுவான ஒரு காரணம் விளக்கு. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் எண் அது இழுக்கும் மின்சாரத்தைச் சொல்கிறதே தவிர, ஜெல்லுக்குத் தேவையான ஒளி போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்வதில்லை. ஜெல்லைக் கெட்டிப்படுத்தும் வேதிப்பொருளுக்கும் விளக்கின் அலைநீளத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். எல்இடி விளக்குகளில் பொதுவாக 365, 405 நானோமீட்டர் அலைநீளங்கள் பயன்படுகின்றன. அந்த வேதிப்பொருள்களில் ஒன்றான டிபிஓ, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே பழகிய ஜெல்லின் கலவை மாறியிருந்தால், தயாரிப்பாளர் எந்த விளக்கைப் பரிந்துரைக்கிறார் என்று மீண்டும் பார்ப்பது நல்லது. அரைகுறையாகக் கெட்டிப்பட்ட ஜெல் விரிசல் விடுவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள கெட்டிப்படாத அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும், பல் சிகிச்சைப் பொருள்களிலும் தொல்லை தரக்கூடும்.

விழுந்த விரிசலை ஒட்டுப்போடுவதா, முழுவதும் எடுத்துவிடுவதா என்பது அடுத்த கேள்வி. நகத்தோடு ஒட்டியிருக்கும் ஓவர்லேயில் மட்டும் விரிசல் இருந்தால், 180 கிரிட் ஃபைலால் கோட்டின் அடி மறையும்வரை அராவி, தூசியைத் துடைத்து, அதே ஜெல்லால் நிரப்பலாம். விரிசலின் மேல் நேராகப் புது ஜெல்லைப் பூசினால் ஓரிரு நாளில் அதே கோடு மேலே வந்துவிடும். ஓரம் தூக்கியிருந்தால், தூக்கிய பகுதி முழுவதும் போயாக வேண்டும், ஏனெனில் அதற்கடியில் தண்ணீர் தேங்கும். பச்சை நிறம் தெரிந்தாலோ, வலி இருந்தாலோ, நகமே சதைவரை பிளந்திருந்தாலோ, அந்த விரலில் எந்த ஜெல்லையும் போடாமல் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.