தொட்டில் மோட்டார் வாங்கலாமா? ஒரு இரண்டு பிள்ளைக்காரியின் பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகிற குழந்தையைத் தொட்டில் மோட்டார் தூங்க வைத்துவிடும் என்று நினைத்து வாங்கினால் காசுதான் வீண். தூங்கிப்போன குழந்தை பாதியில் சிணுங்கும்போது, எழுந்துவிடாமல் இன்னொரு அரைமணி நேரம் இழுத்துக்கொண்டு போகும். அதற்குத்தான் அது லாயக்கு. எனக்கு அந்த அரைமணி நேரம் போதும்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்த மோட்டார் பாப்பாவுக்காக வாங்கியதில்லை, பெரியவனுக்காக வாங்கியது. அவனுக்கு இரண்டரை வயது, பாப்பாவுக்கு ஐந்து மாதம். பாப்பா கண் சொருகும் நேரம் பார்த்துத்தான் அவனுக்கு "அம்மா, ஆய்" வரும். இப்போதுதான் டயப்பரை விட்டுவிட்டுப் பழக்குகிறோம், "இரு தங்கம், ஒரு நிமிஷம்" என்றால் அந்த நிமிஷத்துக்குள் காரியம் ஹாலிலேயே முடிந்துவிடும். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கழுவிவிட்டு வருவதற்குள் தொட்டில் நின்று, பாப்பா முழுசாக விழித்து, சேலை விளிம்பைச் சப்பிக்கொண்டிருப்பாள். "நான் ஆட்டுறேன்மா" என்று அவனே பொறுப்பெடுத்துக்கொண்ட நாட்களும் உண்டு. அவன் ஆட்டுகிற ஆட்டில் தொட்டில் பீரோவை முட்டிவிட்டுத் திரும்பும்.

இதெல்லாம் என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "ஆளில்லாத தொட்டிலை ஆட்டக்கூடாதும்பாங்க, நீ ஆளே இல்லாம ஆட்ட வைக்கிற" என்றார். பிறகு ஒருநாள் வத்தல் போட மாடிக்குப் போகும்போது அவரே சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். மதுரை டவுன் ஹால் ரோட்டில் நான் வாங்கியபோது மோட்டார் 2,800 ரூபாய், ஸ்பிரிங் தனியாக 350 ரூபாய். வாடகை வீடு என்றாலும் ஃபேனுக்குப் பக்கத்தில் கான்கிரீட்டிலேயே தொட்டில் கொக்கி வைத்துக் கட்டியிருந்தார்கள், அதனால் துளை போடும் வேலை இல்லை. கொக்கியில் மோட்டார், அதன் கீழே ஸ்பிரிங், அதற்குக் கீழே கட்டை போட்ட சேலை. மோட்டார் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து விடும், மற்றதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஆட்டம் மேலும் கீழுமாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசி ஆட்டித்தான் உங்கள் பிள்ளை பழகியிருக்கிறதென்றால் முதல் சில நாட்கள் முகத்தைச் சுளிக்கும்.

வேகத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. எடை கூடக்கூட அதை மாற்ற வேண்டும், கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. எடைக்குப் பொருந்தாத வேகத்தில் வைத்தால் தொட்டில் தாளம் தப்பி வெட்டி வெட்டிக் குதிக்கும். பாப்பா 6 கிலோவைத் தாண்டியபோது திருகைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தது. சத்தம், பழைய மிக்ஸி அளவுக்கு இல்லை, ஆனாலும் ஒரு 'கர்ர்' உண்டு. பாப்பா அதைக் கண்டுகொள்வதில்லை. லீவு நாளில் பகலில் பக்கத்தில் படுக்கிற என் கணவர்தான் புலம்புகிறார்.

கூட வந்த ரிமோட் வந்த மாதமே படுத்துவிட்டது. மாற்றித் தரக் கேட்டால் "மோட்டாருக்குத்தான் வாரண்டி, ரிமோட்டுக்கு இல்ல" என்றார் கடைக்காரர். ரிமோட் உள்ளது, டைமர் உள்ளது, பாட்டுப் பாடுவது என்று விலை ஏறிக்கொண்டே போகும். டைமர் மட்டும் இருந்தால் போதும். பாட்டை நாமே பாடிக்கொள்ளலாம்.

கரண்ட் போனால் ஆட்டம் நிற்கும். இன்வெர்ட்டரில் நன்றாக ஓடுகிறது, ஆனால் மாறுகிற அந்த ஒரு நொடியில் என் மோட்டார் அணைந்துவிடுகிறது, மறுபடி போய் அமுக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போகிற நாட்களில் இன்வெர்ட்டரும் மதியத்துக்கு மேல் கைவிட்டுவிடும். அப்புறம் பழையபடி கயிறு கட்டி, கால் கட்டைவிரலில் மாட்டி இழுப்பதுதான். வெங்காயம் உரித்துக்கொண்டே செய்யலாம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் முக்கியம். இந்த மோட்டாரை ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. சேலைத் தொட்டிலில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி கிடக்கும், தலை சாய்ந்தால் மூச்சுக்குழல் மடங்கலாம். கைக்குழந்தை சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாதென்று 2022-இல் சட்டமே போட்டார்கள். நம் பாட்டிகள் தொட்டிலில் போட்டார்கள்தான், ஆனால் ஆட்டுகிற கை பக்கத்திலேயே இருந்தது, முகத்தைப் பார்க்க ஒரு கண் இருந்தது. மோட்டாருக்குக் கண் கிடையாது. அதனால் பகலில், நான் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும்போது மட்டும்தான் தொட்டில். ராத்திரி பாப்பாவுக்குத் தரையில் அழுத்தமான மெத்தை.

அதேபோல, வீட்டில் நடக்கிற பிள்ளை இருந்தால் ஸ்பிரிங் அவன் கைக்கு எட்டக் கூடாது. சுருளுக்குள் விரல் மாட்டினால் நசுங்கிவிடும். மோட்டார் வயரைத் தொங்கவிடாமல் மேலேயே பட்டி அடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அது பத்து நிமிட வேலை. ஸ்பிரிங் வாங்கும்போது, அறுந்தால் தாங்குவதற்கு உள்ளே ஒரு கயிறோ சங்கிலியோ ஓடுகிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஸ்பிரிங்கை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சேலை பழைய பருத்திச் சேலையாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மாவின் சுங்குடி. வழுவழு சேலையில் முடிச்சு நிற்காது.

அட்டையில் '20 கிலோ வரை' என்று போட்டிருப்பதை நம்பிப் பெரியவனையும் உள்ளே போட்டுவிடாதீர்கள். அவன் 12 கிலோதான், ஆனால் உள்ளே நின்றுகொண்டு குதிப்பான், அந்தக் கணக்கு அட்டையில் இல்லை. அவன் கேட்டு அழுதால் மோட்டாரை அணைத்துவிட்டு, பாப்பாவின் பொம்மையை உள்ளே படுக்கவைத்து அவனை ஆட்டச் சொல்கிறேன். நேற்று அந்தப் பொம்மைக்கு "ஆய் வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாமியார், அம்மா என்று கூடமாட ஆள் இருக்கிற வீட்டில், முதல் பிள்ளைக்கு, இது தேவையே இல்லை. இரண்டாவது பிள்ளை, பகலில் நீங்கள் ஒருத்திதான் என்றால் தாராளமாக வாங்கலாம். பாப்பா உட்காரப் பழகியதும் நான் கழற்றிவிடுவேன், அதற்குமேல் சேலைத் தொட்டில் ஆபத்து, பிள்ளை எட்டிப் பார்த்துக் கவிழ்ந்துவிடும். என் சித்தி மகளுக்கு மார்கழியில் பிரசவம், மோட்டாரை இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். ஸ்பிரிங்கை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.