புதிதாக வாங்கிய கருவிகள்: எதிரெதிராக வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் நான்கு பேர் கடந்த சில மாதங்களுக்குள் அவரவர் விருப்பப்படி புதிய கருவிகள் வாங்கினோம். ஒரே வேலைக்கு ஒருவர் ஒரு வகையையும் மற்றவர் அதற்குப் போட்டியான இன்னொரு வகையையும் வாங்கியிருந்ததால், அவற்றைக் கைமாற்றிக்கொண்டு ஒரே வண்டியில், ஒரே அளவு போல்ட்டுகளில் அடுத்தடுத்துப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. புதுக் கருவி கைக்கு வந்ததும் அதன் பளபளப்பையும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணையும் பார்த்து மதிப்பிடுவது எல்லோருக்கும் வழக்கம். வேலை முடிந்த பிறகு அந்தக் கருவி தொட்ட போல்ட்டின் தலையையும் மரையையும் பாருங்கள் என்று மற்ற மூவரிடமும் கேட்டுக்கொண்டேன். தலையின் மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா, மரை இழுபட்டிருக்கிறதா, அதே போல்ட்டை அடுத்த முறை கழற்ற வருபவருக்கு அது ஒழுங்காகக் கழன்று கொடுக்குமா என்பவற்றைப் பார்த்தால் கருவியின் தரம் தானாகத் தெரிந்துவிடும். இந்த அலசல் முழுவதும் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு திசையில் போல்ட்டைச் சுழற்றி, மறுதிசையில் தான் மட்டும் திரும்பி வரும் கைப்பிடியான ராட்செட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒருவர் 72 பல் ராட்செட் வாங்கினார். இன்னொருவர் 120 நிலைகள் கொண்டதை வாங்கினார். 360 பாகையை 72ஆல் வகுத்தால் 5 வரும். அதாவது கைப்பிடியை 5 பாகை பின்னால் கொண்டுவந்தாலே அடுத்த பல் பிடித்துக்கொள்ளும். 120இல் அது 3 பாகை. 200 மி.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் அளந்தால் 5 பாகை என்பது ஏறத்தாழ 17 மி.மீ. அசைவு, 3 பாகை என்பது ஏறத்தாழ 10 மி.மீ. அசைவு. ஆல்டர்னேட்டரின் கீழ்ப்பக்க போல்ட்டைக் கழற்றும்போது கைப்பிடி ஒரு பக்கம் சட்டத்திலும் மறுபக்கம் குழாயிலும் இடிக்கும். அந்த இடத்தில் இந்த 7 மி.மீ. வித்தியாசம் வேலையையே மாற்றிவிடுகிறது. திறந்த இடத்தில் வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசத்தால் எந்தப் பயனும் இல்லை.

பல் எண்ணிக்கையைவிட முக்கியமாக நான் கருதுவது, பின்னோக்கித் திருப்பும்போது ராட்செட் தரும் இழுவை. நட் பாதி தளர்ந்து, விரலால் சுழற்றும் அளவுக்கு இலேசாகிவிட்டால், இழுவை அதிகமுள்ள ராட்செட் முன்னால் சுழற்றிய நட்டைத் திரும்பி வரும்போது தன்னுடனேயே பின்னால் இழுத்து வந்துவிடும். கை அசைந்துகொண்டே இருக்கும், நட் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்களிடம் வந்த இரண்டில் 72 பல் ராட்செட்டுக்குத்தான் இழுவை குறைவு. அதனால் எண்ணிக்கையில் தோற்ற அதுவே பல வேலைகளில் வேகமாக இருந்தது. வாங்கும்போதே சாக்கெட்டை (போல்ட் தலையின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் குப்பியை) மாட்டி, அதை இரண்டு விரலால் இலேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் திருப்பிப் பார்த்தால் இது புரிந்துவிடும். நுண்ணிய பற்கள் கொண்ட ராட்செட்டுக்குள் கெட்டியான கிரீஸை அடைத்துவிடக் கூடாது. கொக்கி பல்லில் முழுமையாக இறங்காமல் வழுக்கும். இலேசான எண்ணெயே போதும்.

சாக்கெட்டில் ஆறு முனையா, பன்னிரண்டு முனையா என்ற விவாதம் எங்களிடையே நீண்ட நேரம் நடந்தது. பன்னிரண்டு முனை சாக்கெட்டை 30 பாகைக்கு ஒருமுறை தலையில் மாட்டலாம், ஆறு முனையை 60 பாகைக்கு ஒருமுறைதான் மாட்ட முடியும். இடுக்கில் கை நுழையாத இடத்தில் முதலாவது எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது போல்ட் தலையைப் பிடிக்கும் இடம் மூலைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆறு முனையின் சுவர் தலையின் தட்டையான பக்கத்தில் மூலையிலிருந்து சற்றுத் தள்ளி அழுத்துவதால், துருப்பிடித்து ஏற்கெனவே மழுங்கத் தொடங்கிய தலையில்கூட அது எளிதில் வழுக்குவதில்லை. புகைக்குழாயை எஞ்சினோடு இணைக்கும் துருவேறிய நட்டுகளில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு முனையால் கழற்றிய நட்டின் மூலைகளில் உலோகம் மடிந்து மெல்லிய விளிம்பாக நின்றது. ஆறு முனையால் கழற்றியதில் பக்கவாட்டில் ஓர் அழுத்தத் தடம் மட்டுமே இருந்தது. தினசரி வேலைக்கு ஆறு முனையே என் தேர்வு. தலையே பன்னிரண்டு முனையாக வரும் போல்ட்டுகள் சில எஞ்சின்களின் கனெக்டிங் ராடிலும் சிலிண்டர் ஹெட்டிலும் உண்டு என்பதால், மற்றதையும் பெட்டியில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

இதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. சாக்கெட் நன்றாக உட்கார்வதுபோலத் தோன்றும், ஆனால் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும் தலையை உருட்டிவிட. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் அங்கு மட்டும் 19 மி.மீ. சாக்கெட் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒன்று சரியாக வந்தது என்பதற்காக எல்லா அளவையும் அப்படியே மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் ஆபத்தானது.

இப்போது காற்றிலும் மின்சாரத்திலும் ஓடும் கருவிகள். நட்டை அடித்தடித்துச் சுழற்றுவது இம்பாக்ட் ரென்ச். அதில் காற்றில் ஓடுவது ஒன்று, பேட்டரியில் ஓடுவது இரண்டு எங்களிடம் வந்தன. பேட்டரி வகைகளில் ஒன்றில் 18 வோல்ட் என்றும் மற்றதில் 20 வோல்ட் என்றும் எழுதியிருந்தது. "அண்ணே, இருபதுதானே பெரிசு?" என்று இளையவர் கேட்டார். இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் தருவதால் மொத்தம் 18 வருகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறி, சுமை இல்லாதபோது ஒரு செல் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அந்த உச்ச அளவை எழுதினால் 20 ஆகிவிடுகிறது.

உண்மையான வித்தியாசம் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-அவரில் இருக்கிறது. 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 36 வாட்-அவர், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 90 வாட்-அவர் ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதால் பெரியது அதிக நேரம் ஓடும் என்பது எல்லோரும் அறிந்ததே. அது அதிக வலிமையுடனும் அடிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறிய பேட்டரியில் வழக்கமாக ஒரே வரிசையில் ஐந்து செல்கள்தான். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முழுவதையும் அந்த ஒரு வரிசை தாங்க வேண்டியிருப்பதால் வோல்ட்டேஜ் சரிந்துவிடுகிறது. பெரியதில் இரண்டு வரிசைகள் இணையாக இருப்பதால் சுமை பங்காகிறது. ஒரே கருவியில் சிறிய பேட்டரியை மாட்டியபோது அசையாமல் நின்ற சக்கர நட், பெரியதை மாட்டியதும் நான்கைந்து அடியில் கழன்றது. கருவி பலவீனமாக இருக்கிறது என்று ஒதுக்குவதற்கு முன்னால் பேட்டரியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

காற்றுக் கருவியோடு ஒப்பிட்டால் நிலைமை சற்றுச் சிக்கலானது. காற்று ரென்ச்சின் எடை சுமார் 2 கிலோ. சாக்கெட் மாட்டும் முனை அதே அரை அங்குலமாக உள்ள வகையில் பெரிய பேட்டரியோடு சேர்ந்த மற்றது 3 கிலோவை நெருங்குகிறது. தலைக்கு மேல் கையை உயர்த்தி வண்டிக்கு அடியில் நின்று நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு அந்த ஒரு கிலோ சாயங்காலத்தில் தோளில் தெரியும். காற்று மோட்டார் சூடேறி நிற்பதில்லை. விரியும் காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தக் கருவிக்கு 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் ரென்ச்சின் வாயிலில் கிடைக்க வேண்டும். கம்ப்ரசரின் மீட்டரில் 90 காட்டினால் போதாது. கால் அங்குல உள்விட்டமுள்ள நீண்ட குழாய் வழியாக வந்தால், விசையை அழுத்திய மறுகணமே அழுத்தம் விழுந்துவிடும். நாங்கள் குழாயை எட்டில் மூன்று பங்கு அங்குல அளவுக்கு மாற்றியதும், பலவீனமானது என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த அந்த ரென்ச்சே முன்னணிக்கு வந்துவிட்டது. தினமும் சில சொட்டு எண்ணெய் விடுவதும் டேங்கில் சேரும் நீரை வடிப்பதும் இதன் கூடவே வரும் வேலைகள். அவற்றைச் செய்ய மனமில்லாதவர் பேட்டரியை வாங்குவதே நியாயம். சாலையோரம் நின்றுபோன வண்டிக்குப் போய் வேலை செய்பவருக்கோ வேறு வழியே இல்லை, பேட்டரிதான்.

விளம்பரத்தில் வரும் டார்க் (திருப்பு விசை) எண்ணைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. ஆயிரம் நியூட்டன்-மீட்டருக்கு மேல் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கழற்றும் திசையில் கிடைக்கும் உச்சம். கார்களின் சக்கர நட்டுகளில் பலவற்றுக்கு 90 முதல் 120 நியூட்டன்-மீட்டர் வரை போதும், 8.8 தரமுள்ள எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்குச் சுமார் 25, எம்6க்குச் சுமார் 10. இவ்வளவு பெரிய கருவி அந்தச் சிறிய போல்ட்டை எவ்வளவு எளிதாகக் கெடுக்கும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவசரத்தில் அலுமினிய உறையொன்றின் எம்8 போல்ட்டை இம்பாக்டாலேயே இறுக்கப் போய், இரண்டாவது அடியிலேயே அது இறுகாமல் மென்மையாகச் சுற்றத் தொடங்கியது. கழற்றியபோது போல்ட்டின் மரையில் அலுமினியம் கம்பிச் சுருள்போலச் சுற்றிக்கொண்டு வந்தது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே சுருள் மரை போட்டு முடிக்க அரை நாள் ஆயிற்று. அதனால் அதிக வலிமையுள்ளதைவிட, வேகத்தை மூன்று நான்கு படிகளாகக் குறைக்க முடிகிற, கழற்றும்போது நட் தளர்ந்தவுடன் தானே நின்றுவிடுகிற கருவியையே நான் மேலாக மதிக்கிறேன். இரண்டு பேட்டரி ரென்ச்சுகளில் எண் குறைவாக இருந்ததில்தான் அந்த வசதி இருந்தது.

இம்பாக்டில் மாட்டும் சாக்கெட்டைப் பற்றி விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. கையால் பயன்படுத்தும் பளபளப்பான குரோம்-வனேடியம் சாக்கெட் கடினமானது; தொடர் அடியில் அது வெடித்துச் சிதறலாம், அதன் பூச்சு செதிலாகப் பெயர்ந்து கண்ணை நோக்கி வரலாம். கறுப்பு நிறத்தில் தடித்த சுவரோடு வரும் குரோம்-மாலிப்டினம் சாக்கெட்டுகள் அடியைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டவை. கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் இல்லாமல் இந்தக் கருவிகளில் எதையும் தொடாதீர்கள். காற்று, பேட்டரி இரண்டு வகைகளின் சத்தமும் காதைக் கெடுக்கும் அளவுக்கு உரத்ததுதான்.

உலோகத்தை வெட்டவும் தேய்க்கவும் உதவும் ஆங்கிள் கிரைண்டரில் நீண்ட ஒப்பீடு தேவைப்படவில்லை. இரண்டும் 125 மி.மீ., இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். ஒன்றில் தள்ளிப் பூட்டும் விசை, மற்றதில் கையை எடுத்தவுடன் நின்றுவிடும் துடுப்பு விசை. டிஸ்க் சிக்கிக் கருவி கையிலிருந்து துள்ளினால் முதலாவது தரையில் விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவதையே வாங்குங்கள். 125 மி.மீ. டிஸ்கின் மேல் நிமிடத்துக்கு 12,200 சுற்று என்று எழுதியிருப்பது அதன் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்தைத் தொடும் எல்லை. பெரிய டிஸ்கைக் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு மாட்டுபவர்கள் அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பதை அறிய வேண்டும்.

நான்கு பேரில் மிக எளிய பொருளை வாங்கியவர்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தார். அவர் வாங்கியது ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தொழில்துறைத் தரத்தின் அளவில் செய்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். ஜப்பானிய வடிவமைப்பில் வரும் மோட்டார் சைக்கிள்களின் கார்பரேட்டர் கிண்ணத்திலும் பிரேக் எண்ணெய்க் கிண்ண மூடியிலும் உள்ள ஸ்டார் திருகுகள் பிலிப்ஸ் திருகுபோலவே தோன்றினாலும், அவற்றின் பள்ளத்தின் வடிவம் சற்று வேறு. பல திருகுகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும், அழுத்தித் திருப்பினால் ஏறி வழுக்கும், இரண்டு முறை வழுக்கினால் பள்ளம் கிண்ணமாகிவிடும். இரண்டு ஸ்க்ரூடிரைவர்களையும் ஒரே திருகில் செங்குத்தாக நிறுத்திக் கையை எடுத்துப் பார்த்தோம்: பிலிப்ஸ் ஆடிச் சாய்ந்தது, மற்றது ஆணி அடித்ததுபோல நின்றது. இத்தனை ஆண்டுகளாகத் திருகு மட்டமானது என்று நாங்கள் குறை சொல்லிவந்தது தவறு. ஜே.ஐ.எஸ். முனை பிலிப்ஸ் திருகிலும் நன்றாகவே வேலை செய்கிறது என்பதால் இந்த ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமே இல்லை.

இறுதியாக, போல்ட்டைக் குறிப்பிட்ட டார்க் அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச். ஒன்று சொடுக்கொலி தரும் வழக்கமான வகை, மற்றது எண் காட்டும் டிஜிட்டல். சொடுக்கு வகைக்கு ஐ.எஸ்.ஓ. 6789 தரம் அனுமதிக்கும் பிழை 10 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 4 சதவீதம் வரை. தினசரி வேலைக்கு அது தாராளம். டிஜிட்டலின் உண்மையான மதிப்பு கோணத்தில் இருக்கிறது. சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட டார்க் வரை இறுக்கி, அதன் பிறகு 90 பாகை, மீண்டும் 90 பாகை என்று திருப்பச் சொல்லும் எஞ்சின்கள் இப்போது அதிகம்; வெள்ளைப் பெயிண்ட்டால் புள்ளி வைத்துக் கண்ணால் அளந்ததை இந்தக் கருவி அதிர்வோடு தெரிவித்துவிடுகிறது. ஆனால் 40 முதல் 200 வரை அளக்கும் ரென்ச் எந்த வகையாக இருந்தாலும் 10 நியூட்டன்-மீட்டர் போல்ட்டுக்கு உதவாது. அதற்குச் சிறிய ரென்ச் தனியாக வேண்டும். சொடுக்கு கேட்டவுடன் நிறுத்த வேண்டும், உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பது கூடுதலாக இறுக்குவதே ஆகும். இறுகிய போல்ட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தவே கூடாது, அளவீடு கெட்டுப்போகும்.

டிஜிட்டலை ஹெட் வேலைக்கென்று பொது அலமாரியில் வைப்பதென்றும், சக்கரத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் சொடுக்கு வகையையே அவரவர் வைத்துக்கொள்வதென்றும் நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். டிஜிட்டலில் பேட்டரியை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். சொடுக்கு வகையின் ஸ்பிரிங் தளர்வதற்காக அளவைக் கீழே உள்ள கடைசிக் கோடு வரை இறக்கி வைக்க வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. இதை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று.