ஆபா அட்டை: டோக்கனுக்கு நல்லது, ரிப்போர்ட்டுக்கு இன்னும் இல்லை

கோத்தகிரியில் இருந்து அம்மாவை சர்க்கரைக்கும் கிட்னிக்கும் கோயம்புத்தூர் கூட்டிப்போய் வருகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆபா என்பது நம் மருத்துவ ரிப்போர்ட்டுகளை டிஜிட்டலாக இணைக்க மத்திய அரசு தரும் அடையாள எண். அதை எடுப்பது சுலபம், காசு கிடையாது. ஆதார் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் 14 இலக்க எண் வந்துவிடும். ஓபி பக்கம் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெயர், வயது எல்லாம் தானாகப் பதிவாகி டோக்கன் கிடைக்கிறது. கால் வீங்கிப்போன வயதானவர்களை பதிவு வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

ரிப்போர்ட் விஷயத்தில்தான் ஏமாற்றம். நம் ரிப்போர்ட்டுகள் ஒரே இடத்தில் குவிவதில்லை. எந்த மருத்துவமனையில் பார்த்தோமோ அங்கேயே இருக்கும், நாம் சம்மதித்தால்தான் அடுத்த டாக்டர் பார்க்க முடியும், எவ்வளவு நாளைக்கு என்பதையும் நாமே முடிவு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் பார்த்த இடத்தில் யாராவது உட்கார்ந்து அதை ஏற்றியிருக்க வேண்டுமே! இங்கே மலையில் நாங்கள் போகும் மருத்துவமனையில் அம்மாவின் கிரியாட்டினின் அளவை (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) நர்ஸ் பேனாவால் நோட்டில் எழுதித் தருகிறார். ஊசி, டிரிப்ஸ், கட்டு எல்லாவற்றையும் பார்ப்பவரும் அவரேதான், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் போச்சு. கீழே கோயம்புத்தூர் போய் ஆபா ஆப்பைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, அதே ரத்தப் பரிசோதனையை மறுபடி காசு கொடுத்து எடுக்கிறோம்.

இந்த டிஜிட்டல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022ல் 5 ஆண்டுகளுக்கு ஒதுக்கியது 1,600 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை, 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 12 ரூபாய்கூட வராது. இங்கிலாந்தில் 2002ல் தொடங்கிய இதே மாதிரி திட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடி பவுண்டு ஆகும் என்று கணக்கு போனது. மேலிருந்து வாங்கிக் கொடுத்த மென்பொருள் மருத்துவமனைகளுக்குப் பொருந்தாமல் 2011ல் கலைத்தார்கள். நம் திட்டம் அந்தத் தப்பைச் செய்யவில்லை, அதற்குப் பாராட்டு. ஆனால் சர்வருக்கும் ஆப்புக்கும் பணம் கொடுத்துவிட்டு, தகவல் ஏற்றுகிற ஆளுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் கொடுக்காவிட்டால் செலவு மிச்சமாவதில்லை, அது நோயாளி தலையில் வந்து விழுகிறது. மலையில் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் இதற்கென்றே ஓர் ஆபரேட்டரைப் போடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

எண்ணை எடுத்து வையுங்கள், டோக்கனுக்கு உதவும். பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு தாளையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டே பஸ் ஏறுங்கள்.